கூட்டாளிக்கு என்ன முறை?

"நேத்துதான் கூட்டாளியப் பொதைச்சிட்டு வந்தானுங்க. இன்னைக்கு கிரவுண்டுல கிரிக்கெட் ஆடிட்டு இருக்கானுங்க. இவனுங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லியா?"

சென்னையின் புளியந்தோப்பிலோ கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனால், மறுநாள் டீக்கடையில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. கேட்பவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அவரும் சாவு வீட்டுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தவர்தான். அவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் கேட்கிறார். பதில் கொஞ்சம் நீளமானது. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

முதலில் அந்தக் கிரிக்கெட்டைப் பார்த்துவிடுவோம். துக்கம் என்றால் விடாமல் அழுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999-இல் எழுதியது வேறு. துக்கப்படுகிறவர் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் இருப்பார், கொஞ்ச நேரம் அன்றாட வேலையின் பக்கம் வந்துவிடுவார், மறுபடி அங்கே போவார். இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியமான துக்கம் என்றார்கள் அவர்கள். பெரியவர்களிடம் இது மெதுவாக நடக்கும். பதின்பருவத்தில் சட்சட்டென்று நடக்கும். கொதிக்கிற வெந்நீரில் காலை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொள்வதுபோல, பத்து நிமிடம் துக்கத்துக்குள் போவார்கள், தாங்க முடியாது, வெளியே ஓடிவந்து பந்து வீசுவார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் போனில் அவன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போவார்கள். நாம் பார்ப்பது பந்து வீசுகிற பத்து நிமிடத்தை மட்டும்.

இந்த வயதுக்கு வேறு சில கணக்குகளும் உண்டு. சாவு என்றால் திரும்பி வராமல் போவது என்பது சின்னப் பிள்ளைகளுக்குப் புரியாது. ஹங்கேரியில் குழந்தைகளிடம் பேசிப் பார்த்து மரியா நாகி 1948-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது பத்து வயதுவாக்கில்தான் அது முழுதாகப் புரிபடுகிறது என்று சொன்னார். அப்படியானால் பதினாறு வயதுப் பையனுக்கு விஷயம் நன்றாகவே தெரியும். ஆனால் 'அது எனக்கு இல்லை' என்றும் அவன் நம்புவான். பைக்கில் மூன்று பேராகப் போவதும் ஆழம் தெரியாத கல்குவாரித் தண்ணீரில் தலைகீழாகக் குதிப்பதும் அந்த நம்பிக்கையில்தான். 'நான் தனி ரகம், எனக்கு ஒன்றும் ஆகாது' என்று பதின்பருவத்தினர் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் இந்தக் கதையை அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் விளக்கினார். தாத்தா செத்தால் இந்தக் கதைக்கு ஒன்றும் ஆகாது. தாத்தாவுக்கு வயசாகிவிட்டது. பக்கத்து பெஞ்சுக்காரன் செத்தால் கதை உடைந்துவிடும். தன் வயது, தன் தெரு, தன் பள்ளிக்கூடச் சட்டை. துக்கமும் பயமும் ஒரே நேரத்தில் வருகின்றன. எது எது என்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெரிவதில்லை.

சரி, இது எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொதுவானதுதானே, ஏழைப் பிள்ளைகளைத் தனியாகப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதற்கு முன்னால் நம் சாவு வீட்டை ஒருமுறை கண்முன் கொண்டுவாருங்கள்.

நம் ஊர்ச் சாவு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. கொள்ளி வைப்பது யார், கோடித்துணி எந்த வீட்டிலிருந்து வர வேண்டும், நீர்மாலைக்கு யார் போவது, நெய்ப்பந்தம் பிடிக்கிற பேரப்பிள்ளைகள் எங்கே, தீட்டு எந்தப் பங்காளிவரை போகும் என்று எல்லாம் முறைப்படி நடக்கும். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி விவரம் மாறும், ஏற்பாடு மாறாது. சடங்கு செய்கிற பெரிய உதவியே இதுதான்: கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்கிறவனுக்கு ஒரு வேலையைக் கொடுத்து, 'நீ இந்த ஆளுக்கு இன்னார்' என்று ஊர் முன்னால் சொல்லிவிடுகிறது. பதினாறாம் நாள் வரைக்கும் அவனிடம் யாரும் 'ஏன் இப்படி இருக்கே' என்று கேட்க மாட்டார்கள்.

இந்த வரிசையில் கூட்டாளிக்கு என்ன முறை? ஒன்றும் இல்லை. செத்தவனோடு தினமும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தவன், அவன் அம்மாவுக்குத் தெரியாத ரகசியமெல்லாம் தெரிந்தவன், பந்தலுக்கு வெளியே நிற்கிறான். பாடை தூக்க ஒரு தோள் வேண்டும் என்றால் கூப்பிடுவார்கள். மற்றபடி நாற்காலி இறக்கவும் ஐஸ் பெட்டிக்குக் கரன்ட் இழுக்கவும் அவன் வேண்டும். மறுநாள் பள்ளிக்கு வராவிட்டால், 'செத்தது உனக்கு யாரு? அண்ணனா தம்பியா?' என்று கேட்பார்கள். அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா 1989-இல் தொகுத்த நூல் ஒன்றில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: அங்கீகாரம் கிடைக்காத துக்கம். இழப்பு உண்மை, வலியும் உண்மை, ஆனால் துக்கப்படும் உரிமை இவனுக்கு உண்டு என்று சமூகம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மாதிரி துக்கம் சீக்கிரம் ஆறாது. ஆறுதல் சொல்ல யாரும் வராததால் அது வேறு வேடம் போட்டுக்கொண்டு வெளியே வரும்.

இளஞ்சாவில் இன்னொரு சிக்கல். கல்யாணம் ஆகாதவன், அகாலமாகப் போனவன் என்றால் பல குடும்பங்களில் சடங்கையே சுருக்கிவிடுவார்கள். விபத்து, தற்கொலை, கொலை என்றால் பிரேதப் பரிசோதனை உண்டு. பையன்கள் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் காலையிலிருந்து காத்துக் கிடப்பார்கள். உடல் கட்டி வரும், முகம் மட்டும் தெரியும், அவசர அவசரமாக எடுத்துவிடுவார்கள். இருக்கிற கொஞ்சம் சடங்கும் இப்படிப் போய்விடுகிறது.

ஆகவே பையன்கள் தங்களுக்கு ஒரு சடங்கைத் தாங்களே செய்துகொண்டார்கள். அதைத்தான் நாம் ரவுடித்தனம் என்று சொல்கிறோம்.

கண்ணீர் அஞ்சலி பேனரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் செத்தவன் படம், கூலிங் கிளாஸோடு. பக்கத்தில் தோற்றம், மறைவு தேதிகள். கீழே வரிசையாக இருபது முப்பது சின்ன முகங்கள், 'கண்ணீருடன், நண்பர்கள்' என்று. 'செத்தவனை விட்டுட்டு இவனுங்க படத்தைப் போட்டுக்குறானுங்க பாரு' என்று சிரிப்பார்கள். சிரிக்காமல் பாருங்கள். குடும்பத்தின் வரிசையில் பெயர் இல்லாதவர்கள், 'எங்களுக்கும் இவன் செத்திருக்கிறான்' என்று ஊர் பார்க்க எழுதி வைத்த பட்டியல் அது. அனுமதி இல்லாத பேனர் சட்டப்படி தப்பு. ரோட்டில் போகிறவர்களுக்கு ஆபத்து. அது உண்மைதான். ஆனால் ஆளுக்கு ஐம்பதும் நூறுமாகக் காசு போட்டு அதை அடித்தவர்களின் தேவையும் உண்மைதான். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் துப்பாக்கிச் சாவுகள் மலிந்த தெருக்களில் இதே வயதுக் கறுப்பினப் பிள்ளைகள் செத்த நண்பனின் படத்தையும் தேதிகளையும் டீசர்ட்டில் அடித்துப் போட்டுக்கொள்வார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டதில்லை. குறை ஒன்றாக இருந்தது, வழியும் ஒன்றாக அமைந்தது.

அடுத்தது மரண கானா. உடலை வைத்திருக்கும் ராத்திரியிலும் பதினாறாம் நாளிலும் பந்தலில் பாடுவது வடசென்னையின் பழைய வழக்கம். பாட்டில் செத்தவன் பெயர் வரும், அம்மாவின் புலம்பல் வரும், கூட்டாளிகளின் பெயர்கள் வரும். அந்தப் பெயர்கள் வரும் இடத்தில்தான் அதுவரை விறைப்பாக நின்ற பையன் உடைவான். தமிழ்ச் சாவு வீட்டில் பெண்களுக்கு ஒப்பாரி உண்டு. ஆணுக்கு, அதிலும் மீசை முளைக்கிற வயது ஆணுக்கு, வாய்விட்டு அழ இடமில்லை. 'ஆம்பள அழலாமாடா' என்று தோளில் தட்டுவார்கள். கானா அந்த இடத்தைத் தருகிறது. சாவு மேளத்துக்கு ஆடுவதும் அப்படித்தான். அது கொண்டாட்டம் மாதிரி தெரியும். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருக்கும் உடம்பு, உள்ளே இருப்பதை இறக்கி வைக்க வேறு வழி தெரியாமல் ஆடுகிறது. குடி சேர்ந்தால் கெட்டுப்போகும், சேராமல் இருப்பது அபூர்வம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது வறுமைக்கு வருவோம். அது இந்தத் துக்கத்தை நான்கு பக்கமும் இறுக்குகிறது.

ஒன்று, சாவு வரும் விதம். உலகம் முழுக்க 5 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் சாவதற்கு முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாலைச் சாவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது நடப்பது ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். நகர ஓரத்துப் பிள்ளைகளுக்கு அதோடு தண்ணீர், கரன்ட், காய்ச்சல், சண்டை எல்லாம் சேரும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நண்பன் செத்த செய்தி போனில் வரும். இவர்களுக்குச் சாவு கண்முன் நடக்கும். தண்ணீருக்குள் முங்கித் தேடியவன் இவன். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனவன் இவன். அந்தப் பையனுக்கு நண்பனை நினைக்க ஆரம்பித்தாலே முதலில் வருவது சிரித்த முகம் இல்லை, அந்தக் கடைசிக் காட்சி. அது வந்துவிடுமே என்று பயந்தே நினைப்பதை நிறுத்திவிடுகிறான். துக்கம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இரண்டு, இடமும் நேரமும். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர். அழ வேண்டும் என்றால் பிளாக்கின் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் யாராவது இருப்பார்கள். சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகிறவன் மூன்றாம் நாள் மண்டபத்தில் இலை போட்டுக்கொண்டிருப்பான். அவன் அப்பாவுக்கும் தினக்கூலி. 'மனசு சரியில்லை' என்பது அந்த வீட்டில் லீவுக்கான காரணம் ஆகாது.

மூன்று, கோபம். தாத்தாவின் சாவை விதி என்று சொல்லலாம். பிள்ளைகள் மேல் இடிந்து விழுந்த பள்ளிச் சுவரை எப்படி விதி என்பது? 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மாணவர்கள் மூன்று பேர் இறந்தார்கள். அன்று கூடப் படித்தவர்கள் ஆத்திரத்தில் பள்ளிப் பொருள்களை அடித்து உடைத்தார்கள். அதை ஒழுங்கீனம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்டது, 'எங்க உயிர் இவ்வளவுதானா?' என்ற கேள்வியை. பணக்காரப் பிள்ளையின் துக்கத்தில் இழப்பு மட்டும் இருக்கும். இவர்கள் துக்கத்தில் அவமானமும் கலந்திருக்கும்.

நான்கு, பழி. 'உங்ககூட சேர்ந்துதாண்டா எம்புள்ள செத்தான்' என்று பெற்றவள் ஒரு வார்த்தை சொல்லிவிடுவாள். துக்கத்தில் சொன்னதுதான். பதினாறு வயதுக்காரன் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வான். ஏற்கெனவே அவன் உள்ளுக்குள், 'நான் வண்டியை ஓட்டியிருந்தா', 'நான் அன்னைக்குப் போன் எடுத்திருந்தா' என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். போலீஸ் விசாரணைக்குக் கூப்பிடுவதும் அவனைத்தான். துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை. வந்த விசாரணை இது ஒன்றுதான்.

இப்படி ஒரு சாவு என்றால் தேறிவிடலாம். பள்ளி முடிப்பதற்குள் இரண்டு மூன்று என்றால் என்ன ஆகும்? அழுகை நின்றுபோகும். 'பழகிப்போச்சுண்ணா' என்பான். பழகவில்லை, மரத்துப்போயிருக்கிறது. 'நாம மட்டும் எவ்ளோ நாள் இருக்கப் போறோம்' என்ற ஒரு பேச்சு ஆரம்பிக்கும். முன்பு 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்று வண்டியை முறுக்கியவன், இப்போது 'ஆனா ஆகட்டும்' என்று முறுக்குவான். பார்க்கிறவருக்கு வேகம் ஒன்றுதான். உள்ளே இருப்பது நேர் எதிர். பிளஸ் டூவைப் பாதியில் விடுவதும் போதை மாத்திரைக்குப் போவதும் பல பேருக்கு இங்கேதான் தொடங்குகிறது. நாம் அதை 'சேர்க்கை சரியில்லை' என்று முடித்துவிடுகிறோம்.

கொலையாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கூட்டாளிக்கு எந்த முறையும் இல்லை என்றேன். கொலைச் சாவில் அவனுக்கு ஒரு முறையைக் கொடுக்க ஆட்கள் வருவார்கள்: பழிக்குப் பழி. 'நண்பன்னா நீ என்ன செஞ்சே?' என்று கேட்பார்கள். சும்மா நின்றவனுக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்துவிடும். பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) படத்தில் நண்பன் வெட்டுப்பட்டுச் செத்த பிறகு கானா பாலாவின் சாவுப் பாட்டு வரும். அந்தத் துக்கத்தை வைத்துத் தங்கள் காரியத்தை முடித்துக்கொள்ளப் பார்க்கிறவர்களும் வருவார்கள். துக்கத்துக்கு நல்ல வேலை கொடுக்காவிட்டால் கெட்ட வேலை கொடுக்க ஆள் இருக்கிறது என்பதை அந்தப் படம் தெரிந்து வைத்திருந்தது.

இதுவரை பையன்களையே சொல்லிவிட்டேன், ஏனென்றால் அவர்களாவது தெருவில் நிற்கிறார்கள். பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பேனரில் அவர்கள் முகம் இருக்காது. இடுகாட்டுக்குப் போக முடியாது. செத்தவன் பையன் என்றால், அவனை நினைத்துக் கொஞ்சம் அழுதாலும்கூட 'உனக்கும் அவனுக்கும் என்னடி?' என்பார்கள். செத்தவள் தோழி என்றால் தெரு முழுக்க ஒரே பேச்சு, என்ன ஆச்சு, யாரோடு பேசிக்கொண்டிருந்தாள், வயிற்று வலி என்றார்களே உண்மையா என்று. துக்கப்பட வேண்டியவள் சாட்சிக் கூண்டில் நிற்பாள். பயந்துபோன வீட்டுக்காரர்கள் அவள் போனைப் பிடுங்குவார்கள், சிலர் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிப்பார்கள். தோழியும் போய், தோழியைப் பற்றிப் பேசக்கூடிய வகுப்பறையும் போய்விடும். இவளுடைய துக்கம் தலைவலியாகவும் மயக்கமாகவும் வெளியே வரும். 'காத்து கருப்பு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

தற்கொலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். டேவிட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், செய்தித்தாள்கள் தற்கொலையை முதல் பக்கத்தில் பெரிதாக வெளியிட்ட பிறகு தற்கொலைகள் கூடுவதை 1974-இல் கணக்கெடுத்துக் காட்டினார். இளைஞர்களிடம் இந்தத் தொற்று கூடுதல். அதனால் நண்பர்களின் பேனரையும் கானாவையும் புரிந்துகொள்ளச் சொன்ன நானே இங்கே ஒரு கோடு போடுகிறேன். எப்படிச் செத்தான் என்ற விவரம் வேண்டாம், வீரன் தியாகி என்று பாட வேண்டாம், 'அவளால்தான்', 'அந்த மார்க்கால்தான்' என்று ஒரே காரணத்தில் கட்டவும் வேண்டாம். அதேசமயம் பேசாமல் மூடி வைப்பதும் கூடாது. நெருங்கிய கூட்டாளியை உட்காரவைத்து, 'உனக்கும் அந்த மாதிரி நினைப்பு வருதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் நினைப்பு வந்துவிடும் என்பது வீண் பயம். கேட்டால்தான் அவன் சொல்வான். வருகிறது என்றால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். காசு செலவாகாத காரியங்களே நிறைய இருக்கின்றன. ஆசிரியராக இருந்தால், இரண்டு நிமிட மௌன அஞ்சலியோடு முடித்துவிடாதீர்கள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகாதீர்கள். அந்த பெஞ்சில் யார் உட்காருவது என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்யட்டும். 'இறைவனடி சேர்ந்தான்' என்று சுற்றி வளைக்காமல் செத்துப்போய்விட்டான் என்றே சொல்லுங்கள். யாராவது சிரித்தால் வெளியே அனுப்பாதீர்கள். பதற்றத்திலும் சிரிப்பு வரும். திடீரென்று சண்டை போடுகிறவனையும் தூங்கி வழிகிறவனையும் தண்டிப்பதற்கு முன்னால் அவன் யாரோடு உட்கார்ந்திருந்தான் என்று ஒருமுறை யோசியுங்கள்.

காலக்கணக்கும் தெரிந்திருப்பது நல்லது. தேறாமல் நீடிக்கும் துக்கத்தை நோய் என்று சொல்ல, பெரியவர்களுக்கு ஒரு வருடமாவது ஆக வேண்டும், குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் ஆறு மாதம் என்று 2022-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு சொல்கிறது. ஆறு மாதம் தாண்டியும் ஒரு பிள்ளை சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாவற்றையும் இழந்து அதே நாளில் நின்றுகொண்டிருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். மற்றபடி, செத்தவன் நம்பரை அழிக்காமல் வைத்திருப்பதும் அவன் பிறந்தநாளுக்கு ஸ்டேட்டஸ் வைப்பதும் நோய் இல்லை. இறந்தவரோடு ஏதோ ஒரு உறவைத் தொடர்ந்து வைத்துக்கொண்டே மனிதர்கள் தேறுகிறார்கள் என்பதை 1996-இல் கிளாஸ், சில்வர்மேன், நிக்மேன் மூவரும் ஒரு நூலாகவே தொகுத்துக் காட்டினார்கள். வருஷா வருஷம் படையல் போடுகிற நமக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூட்டாளிக்கு ஒரு முறை கொடுப்பது. பல தெருக்களில் இது தானாகவே நடக்கிறது. தீபாவளிக்கு முதல்நாள் நான்கு பையன்கள் செத்தவன் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார்கள். கேஸ் சிலிண்டரை மேலே தூக்கிக் கொடுப்பது, தங்கச்சியைப் பரீட்சைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர்கள்தான். அந்த அம்மாவுக்குத் தெரியாத மகனை அவர்களுக்குத் தெரியும். அவன் அடித்த ஜோக், பயந்த பாம்பு, மனப்பாடமாக வைத்திருந்த பாட்டு. அவளுக்கு அது வேண்டும். சொல்ல ஆள் வேண்டும் என்று அவர்களுக்கும் இருக்கிறது. சண்டையும் பழியும் வருவதற்கு முன்னால் ஒரு பெரியவர் இரண்டு பக்கத்தையும் சேர்த்து உட்காரவைத்தால் போதும்.

ஆகவே அடுத்தமுறை இப்படி ஒரு சாவு வீட்டுக்குப் போனால், உள்ளே போய்ப் பெற்றவர்களிடம் விசாரித்துவிட்டு நேராகக் கிளம்பிவிடாதீர்கள். பந்தலுக்கு வெளியே நிற்கிற பையன்களிடம் வாருங்கள், பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளிடமும் வாருங்கள். பெயரைக் கேளுங்கள். அவனுக்கு நீ எப்படிப் பழக்கம் என்று கேளுங்கள். அவர்கள் வீட்டிலும் சாவு விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முறைப்படி துக்கம் விசாரியுங்கள்.